டேட்டா காணோம், லாக்ல ஒண்ணுமே இல்ல: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவுல பினாங்கு, கேஎல் ரெண்டு பக்கமும் சின்ன கம்பெனிங்களோட சர்வர் பாத்துக்கிற வேலை நமக்கு. கிளினிக், ஹார்ட்வேர் கடை, டியூஷன் சென்டர், மாமாக் சாப்பாட்டுக் கடை, கோயில் ஆபீஸ்னு ஆள்தான் மாறுது, போன்ல வர்ற கேள்வி மாறவே மாட்டேங்குது. அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிட்டேன், இனிமே கேட்டா இதைத்தான் அனுப்புவேன். பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் ப்ரோக்ராம்களைப் பத்தி, அங்கங்க எஸ்க்யூஎல் சர்வரும் வரும். செட்டிங் பேரெல்லாம் தமிழ்லயே எழுதிருக்கேன், டைப் பண்றப்போ வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டுக்குங்க.

லாக்கைப் பாரு லாக்கைப் பாருன்னு சொல்றீங்களே அண்ணே, அது எங்க இருக்கு?

லாக்னா சர்வர் தானா எழுதி வைக்கிற குறிப்பு. மைஎஸ்க்யூஎல்ல அது ஒண்ணு இல்ல, முக்கியமா நாலு இருக்கு. எரர் லாக் சர்வர் எப்ப எழுந்துச்சு எப்ப படுத்துச்சுன்னு சொல்லும், ஜெனரல் லாக் வந்த கொய்ரி, அதாவது டேட்டாபேஸுக்கு அனுப்புற கட்டளை, எல்லாத்தையும் எழுதும், ஸ்லோ லாக் லேட்டா ஓடுற கொய்ரியை மட்டும் எழுதும், பைனரி லாக் டேட்டாவுல என்ன மாறுச்சோ அதை எழுதும். முதல் மூணையும் நோட்பேட்ல தொறந்து படிச்சுக்கலாம், நாலாவதை முடியாது, அதுக்குன்னு தனி டூல் இருக்கு.

எங்க இருக்குன்னு கூகிள்ல தேடாதீங்க, சர்வரையே கேளுங்க. ஷோ வேரியபிள்ஸ்ல லாக் எரர்னு தேடினா பாதை வந்துரும். உபுண்டுன்னா பொதுவா வார் ஃபோல்டர்ல லாக், அதுக்குள்ள மைஎஸ்க்யூஎல்னு இருக்கும், விண்டோஸ்ல டேட்டா ஃபோல்டருக்குள்ளயே கம்ப்யூட்டர் பேர்ல இருக்கும். போஸ்ட்கிரெஸ் 10க்கு மேலன்னா பிஜி கரண்ட் லாக்ஃபைல்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, ஆனா லாகிங் கலெக்டர் ஆன்ல இருந்தாத்தான் அது பதில் சொல்லும், அதுவும் டிஃபால்ட்டா ஆஃப்தான்.

லாக் ஃபைல் கிடைச்சிருச்சு, ஆனா யார் டெலீட் பண்ணாங்கன்னு ஒரு வரி கூட இல்லையே?

இருக்காது. நீங்க தொறந்தது எரர் லாக். டெலீட் பண்றது எரர் இல்லையே, சர்வரைப் பொறுத்தவரைக்கும் அது ஒழுங்கா முடிஞ்ச வேலை. அதை எழுத வேண்டியது ஜெனரல் லாக், அது டிஃபால்ட்டா ஆஃப். ஸ்லோ லாக்கும் ஆஃப், அதை ஆன் பண்ணினாலும் டிஃபால்ட் அளவு 10 செகண்ட், உங்க ஆளு டெலீட் அடிச்சு அரை செகண்ட்ல முடிஞ்சிருக்கும். போஸ்ட்கிரெஸ்லயும் இதே கதைதான், லாக் ஸ்டேட்மென்ட் நன்னுலதான் கிடக்கும், மின் டியூரேஷன் மைனஸ் 1, அதாவது எதையும் எழுதாதேன்னு அர்த்தம்.

அதனால லாக்ல இல்லைங்கிறதை வெச்சு "யாரும் தொடல"ன்னு பாஸ்கிட்ட போய் சொல்லிராதீங்க. முதல்ல அந்த நேரத்துல எந்த லாக் ஆன்ல இருந்துச்சுன்னு பாருங்க. இப்ப ஆன் பண்ணினா இனிமே நடக்குறதுதான் பதிவாகும், நேத்து நடந்தது வராது.

அப்போ எல்லாத்தையும் ஆன் பண்ணி விட்டுரவா?

வேணாம். ஜெனரல் லாக்கை வேலை நடக்குற சர்வர்ல விட்டு வெச்சா டிஸ்க் ரொம்பிரும், கஸ்டமர் ஐசி (அடையாள அட்டை) நம்பர், போன் நம்பர் எல்லாம் வெறும் டெக்ஸ்ட்டா அதுல கிடக்கும். ஒரு பிரச்சனையைப் பிடிக்கணும்னா அரை மணி நேரம் ஆன் பண்ணி, பிடிச்சதும் ஆஃப் பண்ணுங்க, அதுக்கு ரீஸ்டார்ட் கூட வேணாம்.

எப்பவும் ஆன்ல இருக்க வேண்டியது மைஎஸ்க்யூஎல்ல பைனரி லாக். 8.0 வெர்ஷன்ல இருந்து அது டிஃபால்ட்டாவே ஆன், 30 நாள் வெச்சிருக்கும். 5.7லயும் மரியாடிபிலயும் நீங்களா ஆன் பண்ணணும், எக்ஸாம்ப்னு ஒரே பேக்கேஜா வர்றதைப் போட்டு ஓட்டுறவங்க கவனிங்க, அதுக்குள்ள இருக்கிறது மரியாடிபிதான். போஸ்ட்கிரெஸ்ல லாக் ஸ்டேட்மென்டை மாட்னு வெச்சா இன்சர்ட், அப்டேட், டெலீட் பதிவாகும், டிடிஎல்னு வெச்சா டேபிளையே தூக்குறவங்க மட்டும் மாட்டுவாங்க. குறைஞ்சபட்சம் டிடிஎல்லாவது வைங்க, செலவே இல்ல.

லாக்ல டைம் எட்டு மணி நேரம் பின்னாடி காட்டுது, சர்வர் கடிகாரம் கெட்டுப் போச்சா?

கெடல. மைஎஸ்க்யூஎல் 5.7ல இருந்து எரர் லாக் யுடிசி, அதாவது உலகப் பொது நேரத்துலதான் எழுதும், நம்ம நாடு அதுக்கு 8 மணி நேரம் முன்னாடி. லாக் டைம்ஸ்டாம்ப்ஸ் செட்டிங்கை சிஸ்டம்னு மாத்தினா உள்ளூர் நேரம் வந்துரும். சாதாரண விஷயம்தான், ஆனா மத்தியானம் 3 மணிக்கு நடந்ததை லாக்ல 15:00னு தேடி, ஒண்ணும் இல்லன்னு விட்டவங்க நிறைய பேர். காலைல 07:00 பக்கம் இருந்திருக்கும்.

இதுல இன்னொரு கூத்து. மேற்கு மலேசியா 1981 கடைசி வரைக்கும் ஏழரை மணி நேரக் கணக்குலதான் இருந்துச்சு, 1982 ஜனவரி 1லதான் 8க்கு வந்துச்சு. கம்ப்யூட்டரோட டைம்சோன் பட்டியலுக்கு இது தெரியும். அதனால பிறந்த தேதியை நேரத்தோட சேத்து பிளஸ் 8னு சேவ் பண்ணிட்டு, அப்புறம் ஏசியா கோலாலம்பூர்னு போட்டு எடுத்தா, 1982க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு ராத்திரி 12 மணி முதல் நாள் 11:30 ஆயிரும், தேதி ஒரு நாள் பின்னாடி போயிரும். கிளினிக்ல வயசான பேஷன்ட்டுக்கு மட்டும் ஐசியும் பிறந்த தேதியும் ஒத்துப் போகலன்னா காரணம் இதான். பிறந்த தேதியை வெறும் டேட் காலம்ல, அதாவது தேதி மட்டும் இருக்கிற பத்தியில, வைங்க, நேரமே வேணாம்.

ராத்திரி சேல்ஸ் ரிப்போர்ட்ல இல்ல பாஸ், ஆனா பில்லு கஸ்டமர் கையில இருக்கு!

24 மணி நேரக் கடை வெச்சிருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது கேட்டுருவாங்க. மேல சொன்ன யுடிசி கணக்குதான் இங்கயும். டேட்டா யுடிசில சேவ் ஆகுது, ரிப்போர்ட் அதை அப்படியே தேதி வாரியா பிரிக்குது, அப்போ நடுராத்திரில இருந்து காலைல 8 வரைக்கும் போட்ட பில் எல்லாம் முந்தின நாள் கணக்குல போய் உக்காந்துரும். காணாமப் போகல, வேற நாள்ல இருக்கு.

மாசக் கடைசி நாள் மட்டும் குறைஞ்சா அது வேற. 1ஆம் தேதிக்கும் 31ஆம் தேதிக்கும் நடுவுலன்னு பிட்வீன் போட்டா, நேரமும் சேந்த காலம்ல 31ஆம் தேதி 00:00 மணியோட அது நின்னுரும், அன்னிக்கு பூரா நடந்த வியாபாரம் வெளியில. அடுத்த மாசம் 1ஆம் தேதிக்குக் குறைவானதுன்னு எழுதுங்க. இன்னொண்ணு ஜாயின். ஊழியர் பேரை வேற டேபிள்ல இருந்து இன்னர் ஜாயின், அதாவது ரெண்டு டேபிள்லயும் இருக்கிறதை மட்டும் சேக்கிறது, போட்டு எடுத்தா, வேலையை விட்டுப் போனவரோட ரெக்கார்டை யாராவது அழிச்சிருந்தா அவர் போட்ட பில் எல்லாம் ரிப்போர்ட்ல வராது. அதனால ரிப்போர்ட்டை நம்பாம நேரா டேபிள்ல அந்த பில் நம்பரைப் போட்டுப் பாத்துட்டு அப்புறமா எனக்குக் கூப்பிடுங்க.

ஐடி 1041க்கு அப்புறம் நேரா 1043. நடுவுல இருந்ததை யாரோ அழிச்சிட்டாங்கதானே?

அதை மட்டும் வெச்சு யாரையும் திட்டாதீங்க, ப்ளீஸ். ஆட்டோ இன்க்ரிமென்ட், அதாவது டேட்டாபேஸ் தானா குடுக்குற வரிசை நம்பர், ஒரு தடவை குடுத்துட்டா திரும்பி வாங்காது. இன்சர்ட் ஃபெயில் ஆனாலும், ரோல்பேக் ஆகி செஞ்சது ரத்தானாலும், இன்சர்ட் இக்னோர் போட்டு டூப்ளிகேட்னு தள்ளினாலும் நம்பர் போனது போனதுதான். போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸும் அப்படித்தான், சர்வர் கிராஷ் ஆனா 32 நம்பர் வரைக்கும் தாவும். எஸ்க்யூஎல் சர்வர் 2012ல இருந்து திடீர்னு ரீஸ்டார்ட் ஆனா இன்ட் ஐடென்டிட்டி 1000 நம்பர் தாவும், அதைப் பாத்துட்டு ஆயிரம் ரெக்கார்ட் போச்சுன்னு பதறினவங்க உண்டு.

பில் நம்பர் விடுபடாம வரணும்னு ஆடிட்டர் கேக்குறாரா? அப்போ அதை ஆட்டோ இன்க்ரிமென்ட்டை நம்பி விடாதீங்க, தனி கவுன்ட்டர் டேபிள் வெச்சு, பில் சேவ் ஆகுற அதே டிரான்ஸாக்ஷனுக்குள்ள, அதாவது மொத்தமா முடியுற இல்ல மொத்தமா ரத்தாகுற ஒரே வேலைக்குள்ள, நம்பரை எடுங்க.

ஜெனரல் லாக்ல இன்சர்ட் ஓடினது தெளிவா தெரியுது, டேபிள்ல அந்த ரோ (வரி) இல்ல. பேய் வேலையா?

கமிட் வேலை, அதாவது மாத்தினதை நிரந்தரமா சேவ் பண்ணச் சொல்றது நடக்கல. ஜெனரல் லாக் கொய்ரி வந்த உடனே எழுதிரும், அது முடிஞ்சுச்சா, ஃபெயில் ஆச்சா, ரோல்பேக் ஆச்சான்னு அதுக்குக் கவலையே இல்ல. மாமாக்ல ஆர்டர் எடுத்த சீட்டுக்கும் கல்லாவுல அடிச்ச பில்லுக்கும் உள்ள வித்தியாசம்தான், சீட்டு இருக்குங்கிறதுக்காக சாப்பாடு மேசைக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாது. பைனரி லாக்தான் கல்லா பில், கமிட் ஆனாத்தான் அதுல ஏறும். ரெண்டையும் பக்கத்துல வெச்சு பாருங்க, முதல்ல இருக்கு ரெண்டாவதுல இல்லன்னா கமிட் ஆகல.

பைத்தான்ல எழுதினவங்க கவனம், டேட்டாபேஸோட பேச வைக்கிற மைஎஸ்க்யூஎல் கனெக்டரும் சைகோபிஜி2வும் ஆட்டோ கமிட் இல்லாமதான் வரும், கமிட் கூப்பிட மறந்தா கனெக்ஷன் மூடினதும் எல்லாம் போயிரும், எரரும் வராது, ஏன்னா தப்பு ஒண்ணும் நடக்கல, நீங்க கேக்கல அது செய்யல. போஸ்ட்கிரெஸ்ல இன்னும் ஒரு படி மேல. டிரான்ஸாக்ஷன் நடுவுல ஒரு கொய்ரி ஃபெயில் ஆயிட்டா மொத்த டிரான்ஸாக்ஷனும் கெட்டுப் போகும், அந்த எரரை ப்ரோக்ராம் முழுங்கிட்டுக் கடைசில கமிட் அனுப்பினா சர்வர் அமைதியா ரோல்பேக்னு பதில் சொல்லும். அந்தப் பதிலை எத்தனை ப்ரோக்ராம் படிக்குதுன்னு நினைக்கிறீங்க.

எரரே வரல அண்ணே, ஆனா பேரு பாதில வெட்டிருக்கு, எல்லா கஸ்டமருக்கும் ஒரே போன் நம்பர் இருக்கு

அந்த நம்பர் 2147483647தானே? அது முழு எண் வைக்கிற இன்ட் காலம் தாங்குற ஆக அதிகமான அளவு. 60ல ஆரம்பிக்கிற கைப்பேசி நம்பரோ 12 இலக்க ஐசி நம்பரோ அதுக்குள்ள அடங்காது, தப்பான டேட்டாவை மறுக்கிற ஸ்ட்ரிக்ட் மோட் ஆஃப்ல இருந்தா மைஎஸ்க்யூஎல் மறுக்காம தன்னால முடிஞ்ச பெரிய நம்பரைப் போட்டுட்டு ஒரு வார்னிங் மட்டும் குடுக்கும், வார்னிங்கை யாரும் பாக்குறதில்ல. பேரும் அப்படித்தான், ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) எல்லாம் சேத்து நம்மாளுங்க பேரு 40 எழுத்தைச் சாதாரணமா தாண்டும், காலம் 30ன்னா மிச்சம் வெட்டுப்படும்.

5.7ல இருந்து ஸ்ட்ரிக்ட் மோட் டிஃபால்ட்டா ஆன். ஆனா பழைய சிஸ்டம் எரர் குடுக்குதுன்னு யாராவது அதை வைக்கிற எஸ்க்யூஎல் மோட் செட்டிங்கை காலியா வெச்சுட்டுப் போயிருப்பாங்க, அதைத்தான் முதல்ல தேடுவேன். ஐசியை பிக்இன்ட்ல வைக்கலாமான்னு கேக்காதீங்க, 2000ல இருந்து 2009 வரைக்கும் பொறந்த பிள்ளைங்க ஐசி சைபர்ல ஆரம்பிக்கும், முன்னாடி சைபர் பறந்துரும். ஐசி, போன் ரெண்டும் எழுத்து, கூட்டிக் கழிக்கப் போறதில்லையே.

கோயில் உபயக்காரர் பட்டியல்ல தமிழ்ப் பேரெல்லாம் கேள்விக்குறியா மாறிருச்சு, திரும்ப வருமா?

ரெண்டு விதமா கெடும், எதுன்னு பாத்துட்டுத்தான் சொல்லணும். ஹெக்ஸ் ஃபங்ஷன், அதாவது உள்ள சேவ் ஆன பைட்டைக் காட்டுறது, போட்டு அந்த பேரைப் பாருங்க. 3எஃப் 3எஃப்னு வரிசையா வந்தா முடிஞ்சுச்சு, சேவ் ஆனதே கேள்விக்குறிதான், பேக்கப்ல இருந்தாத்தான் உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முன்னாடி டிஃபால்ட் எழுத்து முறை லத்தீன்1, அதுக்குள்ள தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது, ஸ்ட்ரிக்ட் மோடும் இல்லன்னா எரர் இல்லாம கேள்விக்குறியா மாத்திப் போட்டுரும்.

ஆனா திரையில மேல கோடு போட்ட ஆங்கில ஏவும், வட்டத்துக்குள்ள ஆங்கில ஆர் எழுத்தும் கலந்து குப்பையா தெரிஞ்சு, ஹெக்ஸ்ல ஈ0ஏஈ, ஈ0ஏஎஃப்னு திரும்பத் திரும்ப வந்தா சந்தோஷப்படுங்க, அது தமிழ் எழுத்தோட யுடிஎஃப்8 பைட்டுதான், பேரு உள்ள முழுசா இருக்கு, லேபிள்தான் தப்பு. காலத்தை முதல்ல பிளாப்னு மாத்தி, அப்புறம் யுடிஎஃப்8எம்பி4 டெக்ஸ்ட்டுக்குக் கொண்டு வந்தா பேரு திரும்பிரும். நேரா மாத்திராதீங்க, குப்பையே நிரந்தரமாயிரும், அதுவும் காப்பி எடுத்து வெச்சிட்டுத்தான் செய்யணும். பழைய யுடிஎஃப்8 மூணு பைட் மட்டும்தான் தாங்கும், தமிழுக்கு அது போதும், ஆனா யாராவது நடுவுல இமோஜி போட்டா ஸ்ட்ரிக்ட் இல்லாத சர்வர்ல அதுக்கு அப்புறம் இருந்த எழுத்தெல்லாம் வெட்டுப்படும்.

சாயங்காலம் இடி இடிச்சு கரண்ட் போச்சு, வந்ததும் கடைசி சில பில் காணோம்

முதல்ல எரர் லாக்ல ஷட்டவுன் வரி இல்லாமலே நேரா ஸ்டார்ட்டிங் வரி வந்திருக்கா, கிராஷ் ரெகவரின்னு இருக்கான்னு பாருங்க. இருந்தா கரண்ட்தான். ஆனா மைஎஸ்க்யூஎல் டேட்டாவை சேவ் பண்ற இன்னோடிபி இன்ஜினோட டிஃபால்ட் செட்டிங்ல கமிட் ஆன டேட்டா போகக் கூடாது, போச்சுன்னா யாரோ ஸ்பீடுக்காக இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட் செட்டிங்கை 1ல இருந்து 2க்கோ 0க்கோ மாத்திருக்காங்க. 2ல கரண்ட் போனா கடைசி ஒரு செகண்ட் டேட்டா போகும், 0ல சர்வர் ப்ரோக்ராம் மட்டும் செத்தாலே போகும். போஸ்ட்கிரெஸ்ல சிங்க்ரனஸ் கமிட் ஆஃப்னா கொஞ்சம் கடைசி டேட்டா போகலாம், மத்தது நல்லா இருக்கும், எஃப்சிங்க் ஆஃப்னா மொத்த டேட்டாபேஸே கெட்டுப் போகலாம், அதைத் தொடவே கூடாது. டேபிள் மைஐசாம்ங்கிற பழைய இன்ஜின்லயே இருந்தா இன்னோடிபிக்கு மாத்துங்க, அதுல டிரான்ஸாக்ஷனும் இல்ல ரெகவரியும் இல்ல. யுபிஎஸ் வாங்குங்கன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா.

டிஸ்க் ஃபுல் ஆச்சு, பெரிய பெரிய லாக் ஃபைலா இருந்துச்சு, அழிச்சிட்டேன். தப்பா?

எதை அழிச்சீங்கங்கிறதைப் பொறுத்து. எரர் லாக், ஜெனரல் லாக்னா டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாது. அழிச்ச பிறகும் இடம் திரும்பி வரலன்னா சர்வர் அந்த ஃபைலை இன்னும் பிடிச்சிட்டு இருக்கு, ஃப்ளஷ் லாக்ஸ் போடுங்க. பைனரி லாக்கைக் கையால அழிக்கக் கூடாது, பர்ஜ் பைனரி லாக்ஸ்னு கமாண்ட் இருக்கு, அதுக்கு முன்னாடி ரெப்ளிகா, அதாவது நகல் சர்வர், அதைப் படிச்சு முடிச்சிருச்சான்னு பாக்கணும்.

போஸ்ட்கிரெஸ்ல பிஜி வால் (மாத்தத்தை முதல்ல எழுதி வைக்கிற இடம்) ஃபோல்டரை அழிச்சிருந்தீங்கன்னா அது லாக் இல்ல, டேட்டாவோட பாதி உயிரே அங்கதான். முன்னாடி அதோட பேரு பிஜி எக்ஸ்லாக், பேர்ல லாக்னு இருக்கேன்னு உலகம் பூரா ஆளுங்க அழிச்சு அழிச்சே, 2017ல 10ஆவது வெர்ஷன்ல பேரையே மாத்தினாங்க. எஸ்க்யூஎல் சர்வரோட எல்டிஎஃப் ஃபைலும் அதே ஜாதி. அது வளர்ந்துட்டே போகுதுன்னா ஃபுல் ரெகவரி மாடல்ல லாக் பேக்கப் எடுக்காம விட்டிருக்கீங்க, லாக் பேக்கப் போடுங்க, உள்ள இடம் காலியாகும்.

வேர், அதாவது எந்த ரோன்னு சொல்ற நிபந்தனை, போடாம டெலீட் அடிச்சிட்டான், நிஜமாவே போயிருச்சு. என்ன செய்றது?

முதல் வேலை, ஆப்பை நிறுத்துங்க. ரெண்டாவது, பைனரி லாக் ஃபைல் எல்லாத்தையும் வேற டிஸ்க்குக்கு காப்பி எடுங்க. அதுக்கு முன்னாடி ரீஸ்டோர், ரிப்பேர், ரீஇன்ஸ்டால் எதுவும் வேணாம். பைனரி லாக் ரோ ஃபார்மட்ல இருந்தா, மைஎஸ்க்யூஎல் 5.7ல இருந்து டிஃபால்ட் அதான், அழிஞ்ச ஒவ்வொரு ரோவும் முழுசா அதுக்குள்ள எழுதிருக்கும், மைஎஸ்க்யூஎல்பின்லாக் டூல்ல வெர்போஸ் போட்டு நேரத்தைக் குறிச்சு எடுத்தா படிக்கலாம், அதை இன்சர்ட்டா மாத்தி திரும்ப ஏத்திரலாம்.

டேபிளைக் காலி பண்ற டிரங்கேட், டேபிளையே தூக்குற டிராப்னா இந்த வழி இல்ல, கமாண்ட் மட்டும்தான் எழுதிருக்கும், ரோ இருக்காது. கடைசி பேக்கப்பை வேற சர்வர்ல ஏத்தி, அங்க இருந்து அந்தக் கமாண்டுக்கு முன்னாடி வரைக்கும் பைனரி லாக்கை ஓட்டணும். போஸ்ட்கிரெஸ்லயும் பேஸ் பேக்கப்பும் வால் ஆர்க்கைவும் இருந்தாத்தான் அந்த நிமிஷத்துக்குத் திரும்ப முடியும், டேட்டாவை ஒரு ஃபைலா எடுக்கிற பிஜிடம்ப் மட்டும் வெச்சிருந்தா டம்ப் எடுத்த நேரம் வரைக்கும்தான்.

பைனரி லாக் பூரா தேடிட்டேன், அந்த டேபிள்ல டெலீட்டே இல்ல, ஆனா ரோ போயிருக்கு!

இதான் ஆளை ரொம்ப சுத்த விடுறது. ரெண்டு டேபிளை இணைக்கிற ஃபாரின் கீல, தாய் அழிஞ்சா பிள்ளையும் அழியணும்னு சொல்ற ஆன் டெலீட் கேஸ்கேட் இருக்கான்னு பாருங்க. மைஎஸ்க்யூஎல் 8.0, 8.4 வெர்ஷன்கள்ல தாய் டேபிள்ல ஒரு ரோவை அழிச்சா பிள்ளை டேபிள்ல அழியுறதை இன்னோடிபி உள்ளுக்குள்ளயே முடிச்சிரும், பைனரி லாக்ல தாய் ரோ மட்டும்தான் பதிவாகும், பிள்ளை டேபிள்ல மாத்தத்தைத் தானா பதிய நீங்க வெச்ச ஆடிட் டிரிக்கரும் ஓடாது. மேல சொன்ன மாதிரி பைனரி லாக்ல இருந்து ரோவை மீட்டுரலாம்னு நம்பி இருந்தா இங்க கிடைக்காது, பேக்கப்தான்.

அதுலயும் மோசமானது ரிப்ளேஸ் இன்டு. பேரைப் பாத்தா அப்டேட் மாதிரி இருக்கும், செய்றது பழைய ரோவை அழிச்சுட்டு புதுசா போடுறது. கஸ்டமர் போன் நம்பரை மாத்த ரிப்ளேஸ் ஓட்டினா, கேஸ்கேட் இருந்தா அவரோட பழைய ஆர்டர் எல்லாம் சத்தமில்லாம போயிரும், கஸ்டமர் மட்டும் பத்திரமா இருப்பார்.

பேக்கப் தினமும் ஓடுது, ஃபைலும் இருக்கு, ரீஸ்டோர் பண்ணா காலியா இருக்கு

ஃபைல் இருக்குறது ஒண்ணையும் காட்டாது. டம்ப் கமாண்ட் ஃபெயில் ஆனாலும் ஷெல் முதல்லயே ஃபைலை உண்டாக்கி வெச்சிரும், டம்பை நேரா ஜிஸிப் சுருக்கத்துக்குள்ள பைப் பண்ணி அனுப்பினா எரர் கோடும் மறைஞ்சிரும், பைப்ஃபெயில் செட் பண்ணுங்க. மைஎஸ்க்யூஎல்டம்ப் ஃபைலோட கடைசி வரில டம்ப் கம்ப்ளீட்டட்னு இருக்கணும், இல்லன்னா பாதில நின்னிருக்கு. ஸ்டோர்ட் ப்ரொசீஜரும் ஈவென்டும் கேட்டாத்தான் வரும், ரொட்டீன்ஸ், ஈவென்ட்ஸ் ரெண்டு ஆப்ஷனும் சேருங்க.

2017 ஜனவரி 31ல ப்ரோக்ராம் கோடு சேமிச்சு வைக்கிற கிட்லேப் கம்பெனில நடந்தது இதான். ராத்திரி வேலைல தப்பான சர்வர்ல டேட்டா ஃபோல்டரை அழிச்சிட்டாங்க, பேக்கப்பைத் தேடினா பிஜிடம்ப் வெர்ஷன் 9.2, சர்வர் 9.6, அதனால ஃபெயில் ஆயிட்டே இருந்திருக்கு, ஃபெயில் ஆச்சுன்னு போன ஈமெயிலும் ரிஜெக்ட் ஆயிருக்கு. தற்செயலா 6 மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால தப்பிச்சாங்க, அந்த 6 மணி நேர டேட்டா போனதுதான். அதனால மாசம் ஒரு தடவை வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணி ரோ எண்ணிப் பாருங்க, எரர் ஈமெயிலையும் வேணும்னே ஒண்ணு அனுப்பி வருதான்னு பாருங்க.

கஸ்டமர் டேட்டா தொலைஞ்சா அரசாங்கத்துக்குச் சொல்லணுமா, ஹேக் ஆனாத்தானே?

ஹேக் மட்டும் இல்ல. பெர்சனல் டேட்டா சட்டம் 2010ஐ 2024ல திருத்தினப்போ மீறல்னா என்னன்னு சொல்ற இடத்துல டேட்டா தொலையுறதையும் சேத்துட்டாங்க. அறிவிக்கிற விதி 2025 ஜூன் 1ல இருந்து நடப்புல இருக்கு, கஸ்டமருக்குப் பெரிய பாதிப்பு வரும்னா கமிஷனருக்கு 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், சம்பந்தப்பட்டவங்களுக்கு அதுக்கு அப்புறம் 7 நாளைக்குள்ள. சொல்லாம விட்டா 250,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்.

அங்க அவங்க கேக்கப் போறது எப்ப நடந்துச்சு, எத்தனை பேரு, எப்படித் தெரிஞ்சுச்சுன்னுதான், அதுக்குப் பதில் பூரா லாக்லதான் இருக்கணும். 30 நாள்ல தானா அழியுற பைனரி லாக்கை வெச்சு மூணு மாசம் முன்னாடி நடந்ததைக் காட்ட முடியாது, அதனால வாரா வாரம் லாக்கை வேற இடத்துக்கு காப்பி எடுத்து, என்கிரிப்ட் பண்ணி, யார் தொறக்கலாம்னு ரெண்டு பேருக்கு மட்டும் பெர்மிஷன் குடுங்க. அந்த லாக்குக்குள்ளயும் கஸ்டமர் ஐசி இருக்கு, பென்டிரைவ்ல போட்டு மேசை மேல வெச்சிட்டுப் போனா அதுவே அடுத்த கேஸ் ஆயிரும்.